அந்த ஆரஞ்சுக் கூம்பு எங்கிருந்து வந்தது?

விஎல்சி இல்லாத கம்ப்யூட்டர் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்! கல்யாண வீடியோவா, பென் டிரைவில் கைமாறி வந்த படமா, எந்தக் காலத்துக் கேமராவிலோ எடுத்து வைத்ததா, எதுவானாலும் கை தானாக அந்த ஆரஞ்சுக் கூம்பின் மேல்தான் போகும். ரோட்டில் பள்ளம் தோண்டினால் சுற்றிலும் வைப்பார்களே, அதே கூம்பு. படம் பார்க்கிற சாஃப்ட்வேருக்கு அது எப்படி அடையாளமானது? கதை பாரீஸுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் ஆரம்பிக்கிறது. கேட்கக் கேட்க ருசியான கதை.

எக்கோல் சென்ட்ரல் பாரீஸ், பிரான்சில் பெயர்பெற்ற பொறியியல் கல்லூரி. அங்கே மாணவர் குடியிருப்பின் நெட்வொர்க்கை நடத்தியதே மாணவர் சங்கம்தான். 1990-களின் நடுவில் அவர்களிடம் இருந்தது டோக்கன் ரிங் என்ற பழைய வகை. கேம் ஆட உட்கார்ந்தால் இழுவையோ இழுவை! வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று கேட்டார்கள். வெளியே நிறுவனங்களைப் போய்ப் பாருங்கள் என்று பதில் வந்தது. போனார்கள். பூயிக் என்ற பெரிய நிறுவனம் ஒரு யோசனை சொன்னது: சாட்டிலைட் டிவி வரப்போகிறது, அறைக்கு அறை டிஷ்ஷும் டிகோடரும் மாட்டுவதற்குப் பதில் ஒரே ஒரு பெரிய டிஷ்ஷை வைத்து, நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் படத்தை அனுப்பிக் காட்டுவீர்களா? காட்டுகிறோம் என்றார்கள் மாணவர்கள். 1996-ல் வேலை தொடங்கியது. படத்தை அனுப்ப ஒரு புரோகிராம், வாங்கித் திரையில் காட்ட இன்னொன்று. வாங்கிக் காட்டுவதற்கு வீடியோலேன் கிளையன்ட் என்று பெயர். விஎல்சி! 1998-ல் எல்லாவற்றையும் அடியோடு திரும்ப எழுதினார்கள். 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரியின் சம்மதத்தோடு மொத்த நிரலும் கட்டற்ற உரிமத்தில் உலகத்துக்கு வந்தது.

கூம்பு? அந்த நெட்வொர்க் சங்கத்து மாணவர்களுக்குச் சாலைக் கூம்புகளைக் கொண்டுவந்து சேர்க்கிற பழக்கம் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்! அதையே ஐகானாக வைத்துவிட்டார்கள். முதலில் கையால் வரைந்த சின்னப் படமாக இருந்தது. இப்போது நாம் பார்க்கிற பளபளப்பான முப்பரிமாணக் கூம்பு 2006-ல் வந்தது.

இந்தக் கதை தெரிந்துவிட்டால் விஎல்சியின் இன்னொரு குணமும் புரிந்துவிடும். பாதி இறங்கிய படம், நடுவில் கெட்டுப்போன ஃபைல், தப்பான பெயரில் சேமித்தது என்று மற்ற பிளேயர்கள் கைவிரிக்கிறதையெல்லாம் இது ஓட்டிக் காட்டுகிறதே, ஏன்? பிறந்ததே நெட்வொர்க் வழியாக வரும் ஓடையைக் காட்டுவதற்காக. அங்கே துண்டுகள் வழியில் தொலையும். ஆரம்பம் முடிவு என்று ஒன்றும் கையில் இருக்காது. ஃபைல் பெயர் என்று ஒன்று வரவே வராது. வந்ததை வைத்துக் காட்டியே ஆக வேண்டும். ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தால்தான் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ இன்றைக்கும் ஓடுகிறது.

டிசம்பர் கடைசியில் விஎல்சியைத் திறந்திருக்கிறீர்களா? கூம்பு கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி போட்டிருக்கும்! அதன் நிரலுக்குள் போய் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் விளையாட்டு நாள் என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, அதற்கு எதிரே 354 என்று எழுதியிருக்கிறார்கள். வருஷத்தின் 354-ஆவது நாள், அதாவது டிசம்பர் 20. அன்றிலிருந்து தொப்பி. லீப் வருஷமென்றால் ஒரு நாள் முன்னதாகவே மாட்டிக்கொள்ளும். எனக்கு அந்த வரியைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றியது. யாரோ ஒருவர் நாட்காட்டியில் நாள் எண்ணி உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார். பதிப்புகளுக்கு வைக்கிற செல்லப் பெயர்களும் அப்படித்தான்: டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களின் பாத்திரங்கள். மூன்றாம் பதிப்பின் பெயர் வெட்டினாரி.

விஎல்சியில் விளம்பரம் போட்டுக்கொள்கிறோம், கோடிக்கணக்கில் தருகிறோம் என்று வந்தவர்கள் உண்டு. வீடியோலேன் அமைப்பின் தலைவர் ழான் பாப்டிஸ்ட் கெம்ஃப் மறுத்துவிட்டார். 2025 ஜனவரியில் பதிவிறக்கம் 600 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். அத்தனை திரைகளில் ஒரு விளம்பரம்கூட இல்லை. நம் நாட்டில் 2022-ல் பல மாதங்கள் வீடியோலேன் இணையதளம் தடைசெய்யப்பட்டுக் கிடந்தது. வீடியோலேனும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனும் சட்டப்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பின. நவம்பரில் தளம் திரும்ப வந்தது.

அடுத்து, இதேபோல் கட்டற்ற இன்னொரு சாஃப்ட்வேர், லிப்ரெஆபீஸ். கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் ஆயிரக்கணக்கில் காசு கட்ட வேண்டாத ஆபீஸ் தொகுப்பு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘டீடெயில்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலில் லிப்ரெ என்ற பெயரை எதிர்பார்ப்பீர்கள். அங்கே இருப்பது ‘எஸ்ஆபீஸ்.பின்’! அந்த எஸ், ஸ்டார். ஸ்டார்ஆபீஸின் எஸ்.

1985-ல் ஜெர்மனியின் லூனபர்க் ஊரில் மார்கோ போரிஸ் என்ற பதினாறு வயசுப் பையன் ஸ்டார் டிவிஷன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தான். பதினாறு வயசு! அந்தக் கம்பெனியின் ஸ்டார்ரைட்டர் வளர்ந்து ஸ்டார்ஆபீஸ் ஆனது. 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கியது. ஏன் வாங்கினார்கள் என்று சன்னில் இருந்த சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் சொன்ன காரணம் அற்புதம்: சன்னில் ஏறக்குறைய 42,000 ஊழியர்கள், அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் உரிமம் வாங்குவதைவிட, ஆபீஸ் செய்கிற ஒரு கம்பெனியையே வாங்குவது மலிவு! சன் அதைத் திறந்துவிட, ஓப்பன்ஆபீஸ் பிறந்தது. சன்னை ஆரக்கிள் வாங்கிய பிறகு, 2010 செப்டம்பரில் அதில் உழைத்தவர்களில் பலர் நிரலை எடுத்துக்கொண்டு தனியாக வந்து லிப்ரெஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறி மாறி வந்தும் உள்ளே எஸ் மட்டும் போகவே இல்லை. நிரல் ஃபோல்டர்களைப் பார்த்தால் எஸ்டபிள்யூ என்று ஒன்று இருக்கும், ஸ்டார்ரைட்டர். எஸ்சி என்று ஒன்று, ஸ்டார்கால்க்.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் நடுநடுவே தங்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். லூனபர்க் ஆட்கள் அந்தக் குறிப்பை எந்த மொழியில் எழுதுவார்கள்? ஜெர்மனில்தானே! லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் ஜெர்மன் குறிப்புகள். பிரேசிலிலும் இந்தியாவிலும் துருக்கியிலும் உட்கார்ந்து வேலை செய்ய வருகிறவர் என்ன செய்வார்? லிப்ரெஆபீஸ்காரர்கள் ஜெர்மன் குறிப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்க என்றே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார்கள். அதன் பெயரே ‘ஃபைண்ட் ஜெர்மன் காமெண்ட்ஸ்’. அது ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, தொண்டர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். புரோகிராம் எழுதவே தெரியாமல், ஜெர்மன் மட்டும் தெரிந்தவர்கள்கூட இதில் கைகொடுக்க முடிந்தது. நினைத்துப் பார்க்கவே நெஞ்சு நிறைகிறது.

பழைய ஓப்பன்ஆபீஸ் கால்க்கில் இன்னொரு கூத்தும் இருந்தது. கட்டத்துக்குள் சமக்குறி போட்டு, கேம் என்ற சார்பையும் அடைப்புக்குள் ஸ்டார்வார்ஸ் என்ற சொல்லையும் தட்டினால், கணக்குத் தாள் மேலேயே விண்கலங்களைச் சுடுகிற விளையாட்டு திறக்கும்! பட்ஜெட் போடுகிற இடத்தில்!

லிப்ரெஆபீஸில் நீங்கள் எழுதிச் சேமித்த ஓடிடி ஃபைல் ஒன்று கையில் இருந்தால், அதை இப்போதே பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு 7-ஜிப் வேண்டும். இகோர் பாவ்லோவ் என்ற ரஷ்யர் 1999-லிருந்து பெரும்பாலும் தனியாளாகவே எழுதிவரும் சுருக்கி இது. இவர் உருவாக்கிய எல்இசட்எம்ஏ சுருக்கும் முறை எத்தனையோ சாஃப்ட்வேர்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓடிடி ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, 7-ஜிப்பில் ‘ஓப்பன் ஆர்கைவ்’ கொடுங்கள். அட! அது ஒற்றை ஃபைலே இல்லை, ஒரு மூட்டை. நீங்கள் எழுதிய வாசகங்கள் கன்டென்ட் என்ற ஃபைலில். ஆவணத்தின் பொதுவான எழுத்தளவு, இடைவெளி எல்லாம் ஸ்டைல்ஸ் என்பதில். முதல் பக்கத்தின் குட்டிப் படம் தம்ப்நெயில்ஸ் ஃபோல்டரில். ஒட்டிய படங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டரில். அதில் ஒரு விஷயம் கவனியுங்கள்: லிப்ரெஆபீஸுக்குள் படத்தின் ஓரத்தை ‘கிராப்’ செய்து மறைத்திருந்தாலும் மூட்டைக்குள் முழுப் படமும் அப்படியே இருக்கும். அடையாள அட்டையின் பாதியை மறைத்து யாருக்காவது அனுப்புகிறீர்கள் என்றால், முதலில் படத்தைத் தனியாக வெட்டிச் சேமித்துவிட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

அதே ஓடிடியை நோட்பேட்++-ல் திறந்தால் ஒன்றும் புரியாத குப்பையாகத்தான் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெளிவாக இருக்கும்: பி, கே. ஃபில் கட்ஸ்! 1989-ல் ஜிப் வடிவத்தைக் கொண்டுவந்தவர். தன் பெயரின் முதலெழுத்துகளை வடிவத்தின் தலையிலேயே எழுதிவைத்தார். உலகத்தில் இருக்கிற சாதாரண ஜிப், டாக்ஸ், ஈபப் ஃபைல்கள் எல்லாம் இன்றைக்கும் அந்த மனிதரின் பெயரோடுதான் தொடங்குகின்றன.

நோட்பேட்++ என்றதும் அதையும் சொல்லாமல் போக முடியாது. வேலை பார்த்த கம்பெனியில் டான் ஹோ இப்படி ஓர் எடிட்டர் செய்யலாம் என்று சொல்லி, அவர்கள் வேண்டாம் என்றதும், ஓய்வு நேரத்தில் தானே செய்து 2003 நவம்பரில் வெளியிட்டார். அதில் ஆங்கிலத்தில் ராண்டம் என்று தட்டி, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, எஃப்1 அழுத்துங்கள். புதுப் பக்கம் ஒன்று திறந்து, யாரோ மறைந்திருந்து தட்டுவதுபோல் ஒரு பொன்மொழி எழுத்தெழுத்தாக விழும்! ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்குக் காட்டிப் பாருங்கள், முகம் மலரும்.

நோட்பேட்++ திறந்திருக்கும்போதே இன்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி படம் ஒன்றையும் அதில் திறந்துவிடுங்கள். லோகோவோ அழைப்பிதழோ, எதுவானாலும் சரி. தலைப்பகுதியில் சோடிபோடி, சோடிபோடி என்று ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். யார் இது? இன்க்ஸ்கேப்பின் தாய்! லாரிஸ் கப்லின்ஸ்கி எழுதிய சோடிபோடி என்ற வரைகலை சாஃப்ட்வேரிலிருந்து 2003-ல் நாலு பேர் பிரிந்து வந்து ஆரம்பித்ததுதான் இன்க்ஸ்கேப். தாய் சாஃப்ட்வேரின் வளர்ச்சி நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் இன்க்ஸ்கேப் சேமிக்கிற ஃபைல்களில் அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. பழைய ஃபைல்கள் திறக்காமல் போய்விடக் கூடாதே என்ற அக்கறையும் அதில் இருக்கிறது.

படம் திருத்துகிற ஜிம்ப்பின் ஃபைலிலும் ஒரு பழைய பெயர் உண்டு. அதன் தலையில் ‘ஜிம்ப் எக்ஸ்சிஎஃப்’ என்று இருக்கும். எக்ஸ்சிஎஃப் என்பது கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு மாணவர் கம்ப்யூட்டர் மன்றத்தின் சுருக்கப் பெயர். அதன் உறுப்பினர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995-ல் ஜிம்ப்பை எழுத உட்கார்ந்தார்கள். பட்டன், மெனு வரைய முதலில் மோட்டிஃப் என்ற காசு கொடுத்து வாங்குகிற கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். அதோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போன மாட்டிஸ், பட்டன் மெனுவுக்கென்று தானே ஒன்றை எழுதிவிட்டார். அதுதான் ஜிடிகே. 1997-ல் க்னோம் என்ற முழு டெஸ்க்டாப்பையே அதன் மேல் கட்ட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு உபுண்டுவைத் திறந்ததும் கண்ணில் படுகிற பட்டன்களின் பிறப்பிடம், படத்தில் சிவப்புக் கண்ணைச் சரிசெய்கிற சாஃப்ட்வேர்! லினக்ஸின் சின்னமான குண்டுப் பென்குயினை 1996-ல் லாரி யூயிங் வரைந்ததும் ஜிம்ப்பில்தான்.

ஒலியைப் பதிவுசெய்து திருத்துகிற ஆடாசிட்டியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரோஜர் டானன்பெர்க்கும் மாணவர் டாமினிக் மசோனியும் ஒலி ஆராய்ச்சிக்காக ஆரம்பித்தது, 2000 மே மாதம் வெளிவந்தது. பழைய பதிப்புகளில் உங்கள் பேச்சை நூற்றுக்கணக்கான குட்டித் துண்டுகளாக வெட்டி ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கும். ஃபோல்டரை விட்டுவிட்டு மேல் ஃபைலை மட்டும் நண்பருக்கு அனுப்பிய எத்தனை பாட்டுக்காரர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள்! 2021-ல் வந்த 3.0-லிருந்து எல்லாம் ஒரே ஃபைல். நிம்மதி.

புத்தகப் பிரியர்களுக்குக் கலிபர். இதைத் தொடங்கியவர் நம் நாட்டுக்காரர், கோவிட் கோயல். கால்டெக்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 2006-ல் சோனியின் இ-ரீடர் ஒன்று சந்தைக்கு வந்தது. அவருடைய லினக்ஸ் கம்ப்யூட்டரோடு அது பேசவே மறுத்தது. யுஎஸ்பி கம்பிவழியே அந்தக் கருவி என்ன பாஷை பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதைப் புரிந்துகொண்டு, பேசவைத்தார்! அந்தச் சின்னப் புரோகிராம் வளர்ந்துதான் இன்றைக்கு லட்சக்கணக்கானவர்களின் மின்னூல் அலமாரி. கலிபர் என்று பெயர் வைத்தது அவருடைய மனைவி. அதில் ‘ஃபெட்ச் நியூஸ்’ என்று ஒரு பட்டன் உண்டு. தி இந்து நாளிதழை எடுத்து மின்னூலாகக் கட்டி ரீடருக்குள் போட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் எங்கே தலைப்பு, எங்கே படம் என்று சொல்கிற குட்டிப் புரோகிராமை ‘ரெசிபி’ என்பார்கள். பலதும் வாசகர்களே எழுதிக் கொடுத்தவை.

பிளெண்டர் அன்றாட வேலைக்கு வேண்டியதில்லைதான், ஆனாலும் அதன் குரங்கை விட மனசு வரவில்லை. முப்பரிமாணப் படம் செய்கிற அந்த சாஃப்ட்வேரின் கம்பெனி 2002-ல் மூடப்போகிற நிலை. கடைசிப் பதிப்பு வெளியிடும்போது அதை எழுதியவர்கள் தங்கள் கையெழுத்துபோல ஒரு குரங்குத் தலையை உள்ளே வைத்தார்கள். சுசேன்! கம்பெனி மூடியது. பிளெண்டரை உருவாக்கிய டான் ரோசெண்டால் நிரலை விடுவிக்க 1 லட்சம் யூரோ வேண்டும் என்று உலகத்திடம் கேட்டார். ஏழே வாரத்தில் சேர்ந்தது! குரங்கும் பிழைத்தது, ‘ஆட்’ மெனுவில் ‘மெஷ்’ஷுக்குள் ‘மங்கி’ என்று இன்றைக்கும் இருக்கிறது. லாட்வியாவின் ஃப்ளோ என்ற பூனைப் படம் முழுக்க பிளெண்டரில் செய்தது. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

கடைசிக்கு வைத்திருந்த பலகாரம் இதுதான். இன்க்ஸ்கேப்பிலோ லிப்ரெஆபீஸிலோ ‘கொடி’ என்று தட்டுகிறீர்கள். கம்ப்யூட்டருக்குள் சேர்வது முதலில் க, பின்னால் ஒகரக் குறி. யூனிகோடில் அந்தக் குறிக்கு ஒரே எண். ஆனால் திரையில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. பின்னால் வந்த ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தூக்கி முன்னால் கொண்டுபோய் வைத்தது யார்? அடுத்த ‘டி’யைப் பாருங்கள். ட தனி, மேல்விலங்கு தனி. இரண்டும் சேர்ந்த ஒரே வடிவம் எழுத்துருவுக்குள் இருந்தால், இரண்டையும் எடுத்துவிட்டு அதை வைத்தது யார்? இத்தனையும் கண் இமைப்பதற்குள் செய்கிறது ஹார்ஃப்பஸ். அதற்கு ஐகான் கிடையாது, ஜன்னல் கிடையாது, திறக்கவும் முடியாது. லிப்ரெஆபீஸ், ஜிம்ப், இன்க்ஸ்கேப், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு என்று எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் அது இருக்கிறது. எழுத்தே இல்லாமல் வெறும் கொம்பையோ காலையோ தட்டினால் பக்கத்தில் புள்ளிபுள்ளியாக ஒரு வட்டம் வருமே, பார்த்திருப்பீர்கள். ‘இங்கே ஒரு எழுத்து இருக்க வேண்டுமே, காணோம்’ என்று அது நமக்குக் காட்டுகிற இடம்தான் அந்த வட்டம்.

முன்பெல்லாம் லிப்ரெஆபீஸ் ஒவ்வொரு இயங்குதளத்திலும் அந்தந்தத் தளத்தின் கருவியை நம்பி எழுத்தை அடுக்கும். விண்டோஸில் ஒழுங்காக இருந்த தமிழ்ப் பக்கம் லினக்ஸில் வேறுமாதிரி உடையும். 2017 தொடக்கத்தில் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாத் தளத்திலும் ஹார்ஃப்பஸ்தான். இவ்வளவு நடந்த பிறகும் பல அச்சகங்களில் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்களே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. யூனிகோடுக்கு வந்தால் தேடலாம், திருத்தலாம், இன்னொரு கம்ப்யூட்டரில் அப்படியே திறக்கலாம்.

இந்த ஹார்ஃப்பஸை வளர்த்தெடுத்தவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், இரானில் பிறந்தவர். 2012-ஐ ஒட்டி இந்திய எழுத்துகளுக்கான பகுதியை எழுதும்போது அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு மொழியிலும் குவியல் குவியலாகச் சொற்களை எடுத்து, மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் எப்படி அடுக்குகிறதோ அதோடு தன் நிரல் அடுக்குவதை ஒப்பிட்டுப் பார்த்தார். நிரலை ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் அந்தத் திருத்தத்துக்கான ‘கமிட்’ குறிப்பிலேயே மதிப்பெண் பட்டியல்போல எழுதிவைத்தார்: வங்காளத்தில் இத்தனை தேறின, இத்தனை தவறின, மலையாளத்தில் இத்தனை. தமிழுக்கு மட்டும் அவர் சோதித்தவை 10 லட்சத்துக்கும் மேல்! கடைசியில் தமிழில் தவறியவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஒற்றை ஒற்றையாக மிச்சமிருந்தவற்றையும் விடாமல் துரத்தியிருக்கிறார். அந்தக் குறிப்புகள் அத்தனையும் தேதி போட்டு அப்படியே திறந்துகிடக்கின்றன. கிட்ஹப்பில் ஹார்ஃப்பஸ் பக்கத்துக்குப் போய், தேடும் பெட்டியில் தமிழ் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பழைய கமிட்டுகளைப் புரட்டுங்கள்.